கரிசல் மனையில் முதல் இரண்டு வீடுகள்

மாடியில் குடியிருந்த எங்களுக்கு வீட்டுக்காரம்மா ஒரு நாள் காபி போட்டு மேலே எடுத்துவந்தார். நாங்கள் குடிவந்ததிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. டம்ளரைக் கையில் வாங்கும்போதே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தோன்றியது. மகனுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது, வைகாசியில் முகூர்த்தம், மாடி அவனுக்கு வேண்டியிருக்கும் என்றார். "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது ஆடி மாதம்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடு அது. என் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். ஷிப்டு வேலை. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறேன். மகள் அடுத்த வருடம் எல்.கே.ஜி. போக வேண்டியவள். இன்னொரு வாடகை வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகச் சொந்தமாகவே ஓர் இடம் பார்த்துவிடலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். மில்லில் அவருடைய வேலை நிரந்தரமாகியிருந்தது. லோனுக்குத் தடை இருக்காது என்றார்கள்.

நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் பரளச்சிப் பக்கம் மானாவாரிக் காட்டில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. நான் மல்லாங்கிணற்றில் கடைத்தெருவை ஒட்டி வளர்ந்தவள். சாதி வேறு. இரண்டு வீட்டிலும் பேச்சு நின்றுபோய், மகள் பிறந்த பிறகு ஒவ்வொருவராக வந்துபோக ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் இடம் பார்க்கிறோம் என்றதும் மாமியார் போன் செய்து, திருச்சுழி ரோட்டுப் பக்கம் பாருங்கள், ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தால் இறங்கி நடந்துவிடலாம் என்றார். என் அப்பா, மல்லாங்கிணறு பஸ் வருகிற பக்கமாகப் பார்த்தால் என்ன என்றார். இந்த ஊரில் ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது என்றால், எந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்துபோக வேண்டும் என்று முடிவுசெய்வதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. லேபுக்கு வருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும், "உங்க வீடு எந்தப் பக்கம்? ஏன் அங்க வாங்கினீங்க?" என்று கேட்பேன். ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் மும்முரத்தில் கையை மறந்துவிடுவார்கள். தண்ணீர் லாரி முதலில் வருகிற தெரு என்பதால் வாங்கினேன் என்றார் ஒரு வாத்தியார். கூடப் படித்தவள் அடுத்த வீட்டில் இருக்கிறாள் என்றாள் ஒரு கர்ப்பிணிப் பெண். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "எங்க மாமியார் வீட்டுல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வரணும்க்கா, அதான்" என்றாள். யாருமே வீட்டைப் பற்றிப் பேசவில்லை. சமையலறை எவ்வளவு பெரிது, எத்தனை ஜன்னல் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அவரிடம் சொன்னேன். "அப்ப நாமளும் வீட்டப் பாக்க வேண்டாம், ஆளப் பாப்போம்" என்றார் என் கணவர் விளையாட்டாக.

முதலில் ஒரு புரோக்கர் விருதுநகர் ரோட்டுப் பக்கம் கூட்டிப்போனார். குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போவதால் அந்த ரோடு முழுக்க மனையாகிக்கொண்டிருந்தது. சோளத்தட்டை அறுத்த தாள்கூட இன்னும் மக்காத காட்டில் கல் ஊன்றியிருந்தார்கள். புரோக்கர் நல்ல மனிதர். வெயிலில் தன் குடையை என் மகளுக்கே பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் வரும் என்றே முடிந்தது. பள்ளிக்கூடம் வரும், ஆஸ்பத்திரி வரும், டவுன் பஸ் உள்ளேயே வரும்.

"எல்லாம் வரும், சரிண்ணே. நாங்க இப்பவே வந்துட்டமே, நாங்க என்ன செய்ய?" என்றார் என் கணவர்.

புரோக்கர் அதற்குச் சிரித்துவிட்டார். "நீங்க குடியிருக்கவா கேக்கீங்க? இங்க எல்லாரும் போட்டு வைக்கத்தான் வாங்குறாங்க" என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தது டவுனுக்குள் கட்டிய வீடு. அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய பழைய தெரு. கடை, பள்ளிக்கூடம் எல்லாம் கூப்பிடு தூரம். எனக்கு வாசலில் நுழைந்ததுமே பிடித்துவிட்டது. அவர் மில்லுக்கு நைட் ஷிப்டு போகும் நாட்களில் நானும் மகளும் தனியாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட தெருவில் அந்தப் பயம் இல்லை. வீட்டைப் பார்த்துவிட்டு, தெருத் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ளலாமே என்று பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அம்மா சிரித்த முகத்தோடு செம்பு நிறையக் கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது, நாங்கள் வாங்குகிற அதே கேன் தண்ணீர். எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர்தான் குடிக்கிறார்கள் என்றால், குடித்துப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது?

"எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

என் கணவர் தன் ஊரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் மூன்றாவது கேட்க வேண்டியதில்லை. அவர் தெருவையும் சொன்னார். அந்த அம்மாவின் முகம் நிம்மதியானது. பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் அங்கதானாம்மா?" என்றார். நான் மல்லாங்கிணறு என்றேன். தெருவைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். எங்கள் இருவருக்கும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. அந்த அம்மா கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியா, சரி சரி" என்று செம்பை வாங்கிக்கொண்டார். பிள்ளையின் கன்னத்தைக்கூடத் தட்டினார். மறுநாள் வீட்டை விற்கிறவர் போனில், வேறு யாரோ பேசி முடித்துவிட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு வெகுநாள் அந்தத் தெரு வழியாக லேபுக்குப் போகும்போதெல்லாம் விற்பனைக்கு என்ற அட்டை வாசலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. என் கணவர் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. எனக்குக் கோபத்தைவிட, அந்த அம்மா உள்ளே போய் யாரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று அறிந்துகொள்ளும் ஆசைதான் அதிகமாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள், அவர் நைட் ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, மகளை ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு திருச்சுழி ரோட்டில் போனேன். மில்லில் யாரோ சொன்ன ஒரு புது நகர். ஆர்ச் வைத்து, தார் போடாத ரோடு போட்டு, மனைகள் பிரித்திருந்தார்கள். எல்லாம் கரிசல். வெயிலில் வெடித்து, என் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பிளவுகள். உடைமரங்களுக்கும் மனைக்கற்களுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு நின்றது. திரும்பிவிடத்தான் நினைத்தேன். அந்த வீட்டு மாடிக் கொடியில் பள்ளிக்கூட யூனிபார்ம்கள் காய்வதைப் பார்த்ததும் வண்டியை அங்கே விட்டேன்.

கேட்டைத் திறந்த பெண் என்னைவிடச் சற்று மூத்தவர். தலையில் துப்பட்டா போட்டிருந்தார். இந்த முறை நான் குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கை கழுவ வேண்டும் என்றேன். வாசல் குழாயைக் காட்டினார். குழாயைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உப்புத் தண்ணிதான். சோப்பு நொரைக்காது" என்றார் அவரே. "இடம் பாக்க வந்தீகளா?"

"ஆமாக்கா."

"வாங்கிப் போடவா, வந்து இருக்கவா?"

வந்து இருக்கத்தான் என்றேன். அதற்குப் பிறகுதான் உள்ளே வரச்சொன்னார். டீ கொடுத்தார். என் மகளைத் தன் பிள்ளைகளின் பொம்மைகளோடு உட்காரவைத்தார். அவருடைய கணவர் சவூதியில் வேலை செய்கிறார். டவுனில் மாமனார் வீட்டில் மூன்று குடும்பம் ஒன்றாக இருந்தார்கள். இடம் போதவில்லை. கணவர் லீவில் வந்தபோது இந்த மனையை வாங்கி, அடுத்த லீவில் கட்டி முடித்து, குடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

"பயமா இல்லையாக்கா?"

"மொத வருசம் இருந்துச்சு. இப்ப, பயத்த விட வாய்தான் வலிக்குது" என்றார். பேச ஆள் இல்லை என்பதை அப்படிச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை கார்ல வருவாக. கல்லப் பாப்பாக, மேற்கையும் கெழக்கையும் பாப்பாக. நானும் கூப்பிட்டு டீ கொடுப்பேன். எல்லாரும் நல்லாத்தான் பேசுவாக. வாங்கிட்டுப் போயிருவாக. மனை பாதிக்கு மேல வித்துருச்சு. ஆளக் காணோம்."

மாடியில் ஏறி, விற்ற மனைகளை எனக்குக் காட்டினார். கற்களில் வாங்கியவர்களின் இனிஷியல் எழுத்துகள் பெயின்டில் இருந்தன. அந்த எழுத்துகளுக்குள்ளே யார் இருப்பார்கள் என்று பிள்ளைகள் கதை கட்டி விளையாடுவார்களாம். இறங்கிவரும்போது படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு காலண்டரை நகர்த்தினார். தரையிலிருந்து ஜன்னல் வரை சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியது.

"இதையும் பாத்துக்கங்க. கரிசல் மண்ணு. மழைக்கு உப்பிக்கிரும், வெயிலுக்கு வெடிச்சிரும். எங்க கொத்தனாரு அஸ்திவாரத்த ஆழமாத் தோண்டாம விட்டுட்டாரு. மழ பெஞ்சா ஸ்கூல் வேன் உள்ள வராது. பிள்ளைக ஷூவக் கையில எடுத்துக்கிட்டு ரோடு வரைக்கும் நடக்கும். கரண்டு போச்சுன்னா லேசுல வராது, ஒரு வீட்டுக்கு யாரு வருவா?"

எனக்கு வியப்பாக இருந்தது. புரோக்கர்கள் நல்லதை மட்டும் சொல்லியும் நாங்கள் நம்பவில்லை. பக்கத்தில் ஆள் வேண்டும் என்று இவ்வளவு ஏங்குகிறவர் கெட்டதையே அடுக்குகிறார்.

"ஏன்க்கா இதெல்லாம் சொல்றீங்க? சொன்னா யாரும் வரமாட்டாங்களே?"

அவர் காலண்டரைப் பழையபடி நேராக வைத்தார். "சொல்லாம விட்டு நீங்க வந்துட்டீகன்னு வைங்க. சுவரு வெடிக்கிற அன்னைக்கு உங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? தெனமும் பாக்கணும்ல."

அவர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். தெருவைக் கேட்கவில்லை. அது கேட்கத் தோன்றாமலா, கேட்கக் கூடாது என்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். வெடிப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் எழுந்து உட்கார்ந்தார். அந்த வார ஓய்வில் அவரும் வந்து பார்த்தார். அந்த அக்கா இவரை அண்ணே என்று அழைத்து, வீட்டைச் சுற்றிக் காட்டினார். இவர் வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கரிசலுக்கு அடியில் எவ்வளவு ஆழத்தில் வெள்ளைச் சுக்கான் பாறை வருகிறது, அதுவரை அஸ்திவாரம் இறக்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காதே என்று கேட்டார். அவர் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, கிணறு வெட்டும்போது பார்த்தவர். திரும்பும் வழியில், "மண்ணுக்கு வழி இருக்கு. மழைக்கு என்ன வழின்னு பாக்கணும். ஒரு மழை பெய்யட்டும்" என்றார்.

ஐப்பசியில் அது பெய்தது. எங்கள் பக்கத்தில் மழை வந்தால் எல்லோரும் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு மனை பார்க்கக் கிளம்பினோம். ஆர்ச்சைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் அப்பிக்கொண்டு சக்கரம் நின்றுவிட்டது. தள்ளவும் முடியவில்லை. பைக்கை அப்படியே விட்டோம். செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கனத்தது. கடைசியில் அதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம். மகள் அவர் தோளில் இருந்தாள். மாடியிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன. அந்த அக்கா கேட்டருகே ஒரு வாளித் தண்ணீரும் குச்சியும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"குச்சியால சொரண்டிட்டுக் கழுவுங்கண்ணே, சும்மா ஊத்துனா போகாது" என்றார்.

மாடியிலிருந்து பார்த்தபோது அந்த நகர் வேறு இடமாகத் தெரிந்தது. வெயிலில் ஒரே மட்டமாகத் தெரிந்த தரையில் மேடு எது, பள்ளம் எது என்று தண்ணீர் தனியாகப் பிரித்துக் காட்டியது. வடக்குப் பக்கம் பழைய ஓடை ஒன்று வந்த தடத்தில் மனைகள் முழுக்க மூழ்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் காரில் வந்தவர்கள் அதைத்தான் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்கள், கிழக்குப் பார்த்த மனை என்று. அந்த அக்காவின் வீட்டை ஒட்டிய மனையிலும் கணுக்கால் அளவு நின்றது. எதிர்வரிசையில் மட்டும் நாலைந்து மனைகள் தண்ணீர் தேங்காமல் கறுப்பாக மின்னிக்கொண்டு கிடந்தன.

என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் தன் வீட்டை ஒட்டினாற்போல் வருவோம் என்று அந்த அக்கா நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பக்கத்து மனையில் முருங்கைக் கொம்பு ஒன்றை ஏற்கெனவே நட்டு, வருகிறவர்களுக்கு ஆகும் என்று சொல்லியிருந்தார். தயங்கித்தான் சொன்னேன்.

"வந்தா எதிர்வரிசையிலதான்க்கா வர முடியும் போல."

அவர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "எதுத்தாப்புலயா? அதுவும் நல்லதுதான். பக்கத்துல இருந்தா ஜன்னலுதான் தெரியும். எதுத்தாப்புல இருந்தா வாசலே தெரியும்ல" என்றார்.

கார்த்திகையில் பத்திரம் பதிந்தோம். இரண்டு வீட்டிலும் சொன்னபோது நடந்ததுதான் வேடிக்கை. திருச்சுழி ரோடுதானே கேட்டார் என்று மாமியாருக்கு முதலில் சொன்னோம். "அத்துவானக் காட்டுலயா? தொணைக்கு நம்மாளுக ஒருத்தர் இல்லாம, அவுக ஒரு வீட்ட நம்பியா போறீக?" என்றார். அப்பாவும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். எங்கள் கல்யாணத்தை இரண்டு வீட்டாரும் தனித்தனிக் காரணம் சொல்லி எதிர்த்தவர்கள். ஒரே காரணத்தை இரண்டு வீட்டாரும் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா மாமியாருக்கு நேரடியாகப் போன் செய்து இதைப் பற்றி ரொம்ப நேரம் பேசியிருக்கிறார். அதற்கு முன் அவர்கள் இருவரும் போனில் பேசியதே இல்லை. "நம்ம மனை வாங்குனதுல இது ஒரு லாபம்" என்றார் என் கணவர்.

தையில் வேலை ஆரம்பித்தோம். சுக்கான் பாறை தட்டுப்படும் வரை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டச் சொல்லி என் கணவர் லீவு போட்டுப் பக்கத்திலேயே நின்றார். வேலையாட்களுக்குக் குடிதண்ணீர் அந்த அக்கா வீட்டிலிருந்துதான் வந்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் சிமென்ட் லோடு வந்தால் அவர்தான் இறக்கிவைக்கச் சொல்வார். வைகாசியில் வெளிப்பூச்சு முடியாமலே குடிவந்தோம். முதல் மழையில் எங்கள் சமையலறைச் சுவரிலும் தலைமுடி அளவில் ஒரு கோடு விழுந்தது. ஓடிப்போய் அந்த அக்காவைத்தான் கூப்பிட்டுக் காட்டினேன். "இது பூச்சுல விழுந்தது, மண்ணுல விழுந்ததில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த குழம்பை ருசி பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அக்காவின் கணவர் அந்த வருடக் கடைசியில் லீவில் வந்தார். வந்த மறுநாள் காலையில் கைலியோடு எங்கள் வாசலில் வந்து நின்று, வீட்டை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன். "இல்லம்மா, சும்மா பாக்க வந்தேன். தெனமும் போன்ல காட்டுவா, நம்பவே இல்ல" என்றார்.

மாமியார் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். வரும்போது இரண்டு பை கொண்டுவருவார், ஒன்று எதிர்வீட்டுக்கு. கேட்டால், "காட்டுல நெறைய வெளஞ்சுருச்சு, என்ன செய்ய" என்பார். அப்பா இதுவரை ஒருமுறைதான் வந்திருக்கிறார். மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் மாறி வர வேண்டியிருக்கிறது என்கிறார். அது உண்மையும்தான்.

சென்ற மாதம் எங்கள் வரிசையிலேயே, நகரின் மூன்றாவது வீட்டுக்கு வானம் தோண்டினார்கள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் புருஷன் பொண்டாட்டி என்று மேஸ்திரி சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. சுவர் நெஞ்சளவு எழும்பியபோது சமையலறையை ரோட்டைப் பார்த்து வைத்திருப்பது தெரிந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி வைப்பதில்லை. சாயங்காலம் அந்த அக்காவும் நானும் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ரோட்டப் பாத்துக்கிட்டே சமைக்கிற பொண்ணா இருக்கும்" என்றார் அவர்.

"இல்லக்கா, சமைக்கிறது அந்தத் தம்பியாக்கூட இருக்கலாம்" என்றேன்.

 அவர் ஜன்னலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே எட்டி, அடுப்பு மேடை ஆண் உயரத்துக்கு வரப்போகிறதா, பெண் உயரத்துக்கு வரப்போகிறதா என்று கையால் அளந்துபார்க்க ஆரம்பித்தார்.